அந்தப் பையனுக்கு ஆரஞ்சு கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஓய்வு பெற்ற செவிலியர். தென் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் 14 ஆண்டுகள் குழந்தைகள் புற்றுநோய் வார்டில். இப்போது மதுரையில் இருக்கிறேன். வெளியூரிலிருந்து பிள்ளைகளைச் சிகிச்சைக்குக் கூட்டி வருகிறவர்கள் தங்குவதற்கு இங்கே ஓர் இலவச விடுதி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் எடை பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று சொல்லித்தருவது என என்னால் முடிந்ததைச் செய்கிறேன்.

உங்கள் நாளிதழை நாற்பது வருடமாக வாங்குகிறேன். இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில், புற்றுநோயைப் பட்டினி போட்டுக் கொல்வது பற்றி ஒரு கட்டுரை வந்தது. பாலிஅமைன் என்ற பொருள் இல்லாமல் புற்றுநோய் செல் வளராது, அதைக் குறிவைத்து அமெரிக்காவில் மருந்தே வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். அது வரைக்கும் சரிதான். ஆனால் கீழே ஒரு கட்டம் போட்டு, ‘தவிர்க்க வேண்டிய உணவுகள்’ என்று ஆரஞ்சு, பட்டாணி, காளான், சோயா, பருப்பு வகைகள், தயிர் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருந்தீர்கள். யாருக்கு, எந்த நோய்க்கு, எந்த வயதுக்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கட்டம் என்ன செய்தது என்று சொல்கிறேன்.

விடுதியில் செவ்வாய்க்கிழமை எடை பார்க்கிற நாள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மா, நான்கு வயதுப் பையன். அவனுக்கு நியூரோபிளாஸ்டோமா, சின்னப் பிள்ளைகளுக்கு நரம்புச் செல்களில் வருகிற ஒரு புற்றுநோய். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியில் ஆரம்பித்து எலும்புக்குள் பரவியிருந்தது. மூன்றாவது கீமோ முடிந்து வந்திருந்தான். மெஷினில் ஏற்றினேன். 12 கிலோ 100 காட்டியது. நோட்டைப் புரட்டினால் மூன்று வாரத்துக்கு முன் 13 கிலோ 400. மெஷினில்தான் கோளாறோ என்று இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே எடைதான். சட்டையைத் தூக்கினால் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. கீமோ கொடுத்தால் சாப்பாடு இறங்காது, வாந்தி வரும், வாய்ப்புண் வரும், எடை குறையும். அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இவன் வாயில் புண் இல்லை. வாந்தியும் நின்றிருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையின் கையில் உரித்த ஆரஞ்சுச் சுளை. அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னம்மா, பசிக்குதுன்னு நிக்கிறான், என்ன குடுக்கிற?” என்று கேட்டேன்.

“கஞ்சித் தண்ணியும் ரசஞ்சோறும்தான் சிஸ்டர். பருப்பு, தயிரு, பழம் எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன். அதைச் சாப்பிட்டா கட்டி வளரும்னு பேப்பர்லயே போட்டிருக்கு” என்றார்.

காப்பீட்டு அட்டை வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து உங்கள் கட்டுரையின் துண்டை எடுத்து நீட்டினார். நான்காக மடித்து மடித்து, மடிப்பு கிழிகிற நிலையில் இருந்தது. ‘பருப்பு’ என்ற சொல்லை நீல மையால் சுழித்திருந்தார். எட்டாம் வகுப்பு படித்தவர். டாக்டர் எழுதுகிற சீட்டு அவருக்குப் புரியாது, அதை நான் படித்துச் சொல்ல வேண்டும். உங்கள் பேப்பர் அவருக்குத் தெரிந்த தமிழில் இருக்கிறது. அதனால்தான் அதை நம்பினார். பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு அழுதபோதும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பருப்பைக் கொடுக்கவில்லை. அதையும் ஒரு சிகிச்சை என்றே செய்திருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னுடன் வார்டில் பணியாற்றிய மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சில ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினார். எனக்குப் புரியாத இடங்களைப் போனில் விளக்கினார். ஒரு மாதம் இதையே படித்தேன். இந்த ஆராய்ச்சி எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை நீங்கள் ஒரு சாப்பாட்டுப் பட்டியலாகச் சுருக்கிவிட்டீர்களே என்ற வருத்தம் அதனாலேயே கூடியது.

பாலிஅமைன் ஏதோ விஷப்பொருள் இல்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்று முக்கியமாக மூன்று. 1678லேயே ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் விந்தைப் பார்த்தபோது, அது காயக் காயப் படிகங்கள் உண்டாவதைக் குறித்துவைத்தார். அது ஸ்பெர்மினின் படிகம் என்று புரிய இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. புட்ரெசினை 1885இல் பிரீகர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அழுகிய இறைச்சியிலிருந்து பிரித்தார். அழுகலுக்கான லத்தீன் சொல்லே அதற்குப் பெயராகிவிட்டது. பெயர் இப்படி இருக்கிறதே தவிர, இது இல்லாமல் ஒரு செல் இரண்டாகப் பிரியாது. டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டும் எதிர்மின் தன்மை உள்ளவை, பாலிஅமைன் நேர்மின் தன்மை உள்ளது. அதனால் போய் ஒட்டிக்கொண்டு அவை நிலையாக நிற்க உதவுகிறது. செல்லுக்குள் புரதம் தயாராவதற்கும் வேண்டும். தாய்ப்பாலிலும் இது இருக்கிறது. வளர்கிற பிள்ளையின் குடலுக்குத் தேவையான பொருள்.

வேகமாகப் பிரிகிற செல்லுக்கு இது நிறைய வேண்டும். புற்றுநோய் செல் அப்படிப்பட்டதுதான். டயான் ரஸ்ஸல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, புற்றுநோயாளிகளின் சிறுநீரில் பாலிஅமைன் கூடுதலாக இருப்பதை 1971இல் எழுதினார். செல்லுக்குள் இதைத் தயாரிப்பதில் முதல் படி, ஆர்னிதின் என்ற பொருளைப் புட்ரெசினாக மாற்றுவது. அதைச் செய்யும் நொதிக்கு ஆர்னிதின் டீகார்பாக்ஸிலேஸ் என்று நீளமான பெயர். சுருக்கமாக ஓடிசி. மிக் என்று ஒரு மரபணுக் குடும்பம் இருக்கிறது, பல புற்றுநோய்களில் அளவு மீறி வேலை செய்வது. அது முடுக்கிவிடுகிற நொதிகளில் இந்த ஓடிசியும் ஒன்று. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எம்ஒய்சிஎன் மரபணு, நியூரோபிளாஸ்டோமா வந்த குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் பல நகல்களாகப் பெருகிக் கிடக்கும். அந்தப் பிள்ளைகளின் கட்டி எவ்வளவு மூர்க்கமாக வளரும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காரணத்தைத்தான் இப்போது படித்தேன்.

இந்த ஓடிசியை அடைக்கிற மருந்துதான் எஃப்லோர்னிதின். டிஎஃப்எம்ஓ என்றும் சொல்வார்கள். உங்கள் கட்டுரை இதைப் ‘புத்தம் புதிய மருந்து’ என்றது. 1970களின் கடைசியில், பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் இருந்த மெரல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்டது இது. நான் பள்ளிக்கூடம் போன காலத்து மருந்து. பூட்டுக்குள் போட்ட சாவி உள்ளேயே உடைந்து மாட்டிக்கொண்டால் பூட்டு எப்படி உதவாமல் போகுமோ, அப்படி நொதிக்குள் புகுந்து மாட்டிக்கொள்ளும். புற்றுநோய்க்கென்றே செய்தார்கள். 1980களில் பெரியவர்களின் முற்றிய புற்றுநோய்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. கட்டி கரையவில்லை. ரத்தம் உறைய உதவுகிற பிளேட்லெட் குறைந்தது, சிலருக்குக் காது மந்தமானது.

ஏன் கரையவில்லை என்பதில்தான் உங்கள் கட்டுரை தவறிய இடம் இருக்கிறது. மனித செல் ஓடிசியைத் தொடர்ந்து புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள்ளேயே இருப்பதில் பாதி அழிந்து புதியது வந்துவிடும். அப்புறம், உள்ளே தயாரிப்பு நின்றால் வெளியே இருக்கிற பாலிஅமைனை இழுத்துக்கொள்ளும். அந்த ‘வெளியே’ என்பதில் சாப்பாடு ஒரு பங்குதான். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் செய்வது இன்னொரு பங்கு. மற்ற செல்கள் வெளியே விடுவது வேறு. தெருக்குழாயில் தண்ணீர் நின்றால் கிணற்றில் இறைக்கிறோம், கிணறு வற்றினால் லாரித் தண்ணீர் வாங்குகிறோம், அதைப் போல. பிள்ளையின் தட்டிலிருந்து பருப்பை எடுத்துவிட்டால் இதில் எதுவும் அடைபடாது. புரதம் மட்டும் போய்விடும்.

புற்றுநோயில் தோற்ற மருந்துக்கு அதன் பிறகு நடந்ததுதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது. நியூயார்க்கின் பேஸ் பல்கலைக்கழகத்தில் சைரஸ் பாக்கி என்பவரும் அவருடன் இருந்தவர்களும், ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்குகிற கிருமிக்கு நெருங்கிய இனக் கிருமி தொற்றிய எலிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். எலிகள் பிழைத்தன. அது 1980. ட்செட்சி ஈ கடித்து வருகிற நோய் அது. கிருமி மூளைக்குள் போய்விட்டால் நோயாளி பகலெல்லாம் தூங்கி, ராத்திரி விழித்து, கடைசியில் நினைவு தப்பிச் சாவார். அதற்கு அதுவரை இருந்த மருந்து ஆர்சனிக் கலந்தது. போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அந்த மருந்தினாலேயே இறந்துபோனார்கள். எஃப்லோர்னிதின் கொடுத்தபோது மயங்கிக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதனால் ‘உயிர்த்தெழ வைக்கும் மருந்து’ என்று அங்கே பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பரவுகிற வகைக் கிருமிக்குத்தான் இது கேட்கும். அந்தக் கிருமி தன் ஓடிசியை நம்மைப் போலச் சீக்கிரம் புதுப்பிப்பதில்லை. சாவி ஒருமுறை மாட்டிக்கொண்டால் அதற்கு மாற்றுப் பூட்டு கிடையாது.

அதை எப்படிக் கொடுத்தார்கள் என்று படித்தபோது செவிலியர் என்ற முறையில் எனக்கு மலைப்பாக இருந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு டிரிப், நாளுக்கு நான்கு, தொடர்ந்து 14 நாள். ஒரு நோயாளிக்கு 56 டிரிப். கரண்டும் ஒழுங்கான சாலையும் இல்லாத ஊர்களில், ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து கையில் செருகிய கேனுலா ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். 2009 வாக்கில்தான் நிஃபுர்டிமாக்ஸ் என்ற மாத்திரையோடு சேர்த்து டிரிப்பை 14ஆகக் குறைத்தார்கள். ஆனால் நடுவில், 1995இல், லாபமில்லை என்று மருந்துத் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2000இல் இதே மருந்து பெண்களின் முகத்தில் முடி வளர்வதைக் குறைக்கும் கிரீமாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் இன்னும் பலரும், முகமுடிக்கு இருக்கிற மருந்து சாகிறவனுக்கு இல்லையா என்று குரல் கொடுத்தார்கள். 2001இல் தயாரிப்பு நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, தூக்க நோய்க்கு இலவசமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இதைப் போட்டிருந்தால் உங்கள் வாசகர்கள் எத்தனை பேர் படித்திருப்பார்கள்!

புற்றுநோய் ஆராய்ச்சியில் சிலர் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இருக்கிற கட்டியைக் கரைப்பதற்குப் பதிலாக, வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் மெய்ஸ்கன்ஸும் யூஜின் கெர்னரும் பெருங்குடலில் மொட்டு போல வளர்கிற பாலிப் எடுக்கப்பட்டவர்களுக்கு, சுலிண்டாக் என்ற வலி மருந்தோடு இதையும் குறைந்த அளவில் மூன்றாண்டு கொடுத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 41 விழுக்காட்டினருக்குப் பாலிப் திரும்ப வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 12 விழுக்காட்டினருக்கு மட்டும். இது 2008. ஆனால் பரம்பரையாகப் பாலிப் வருகிற குடும்பத்தினரிடம் செய்த ஆய்வு 2020இல் வந்தபோது, இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்ததால் தனித்தனியாகக் கொடுத்ததைவிடக் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை.

குழந்தைகளுக்கு வருகிறேன். தீவிர வகை நியூரோபிளாஸ்டோமாவில் கீமோ, அறுவை சிகிச்சை, ஸ்டெம்செல் மாற்று, கதிர்வீச்சு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை நோய்க்கு எதிராகத் தூண்டுகிற இம்யூனோதெரபி என்று ஒன்றரை வருடம் பிள்ளையைப் புரட்டி எடுத்து, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்புறமும் பலருக்குத் திரும்ப வந்துவிடும். திரும்ப வந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு முன்னால் நாங்கள் அதைப் பேசுவதில்லை. அந்த இடைவெளியில்தான் எஃப்லோர்னிதின் மாத்திரையை இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். நான்காண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்த பிள்ளைகள் 84 விழுக்காடு, மருந்து சாப்பிடாத பிள்ளைகளில் 73. உயிரோடு இருந்தவர்கள் 96, மருந்து இல்லாதவர்களில் 84. 2023 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

இங்கேயும் உங்கள் கட்டுரை சொல்லாதது ஒன்று உண்டு. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு இல்லை என்று பிரித்துச் செய்த ஆய்வு அல்ல இது. மருந்து சாப்பிட்ட 90 பிள்ளைகளை, வேறோர் ஆய்வில் முன்பு இருந்த 270 பிள்ளைகளோடு பொருத்திப் பார்த்தார்கள். எஃப்டிஏவின் ஆலோசனைக் குழுவிலேயே 14 பேர் ஆதரித்தார்கள், 6 பேர் ஏற்கவில்லை. அந்த ஆறு பேரின் தயக்கத்தையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் நான் பார்த்த தாய்மார்களின் முகத்தை நினைத்தால், அந்த 14 பேரில் ஒருத்தியாகத்தான் கை தூக்கியிருப்பேன்.

இந்த மருந்து காதைப் பாதிக்கலாம். நியூரோபிளாஸ்டோமா பிள்ளைகளுக்கு ஏற்கெனவே சிஸ்பிளாட்டின் ஏற்றியிருப்பார்கள். அதுவும் காதைப் பாதிக்கிற மருந்துதான். பின்னால் நின்று கைதட்டினால் திரும்பாத பிள்ளைகளை வார்டிலேயே பார்த்திருக்கிறோம். பேச்சு வருகிற வயதில் காது போனால் பேச்சும் போகும். அதனால் மாத்திரை தொடங்கும் முன்பும், நடுநடுவிலும் காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் பார்த்தாக வேண்டும். ரத்த கவுண்ட், கல்லீரல் டெஸ்ட் எல்லாம் உண்டு. எங்கள் சிவகங்கைப் பையனின் உடம்பளவுக்குக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு மாத்திரை. பொடித்துக் கொஞ்சம் மசித்த சாப்பாட்டில் கலந்தும் கொடுக்கலாம் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு 2,920 மாத்திரை. விலையோ நம் குடும்பங்களுக்கு எட்டாது. நம் நாட்டில் கிடைக்காத மருந்தை ஒரு நோயாளியின் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க, மருத்துவர் சீட்டோடு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் அனுமதி வேறு, பணம் வேறு.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. இம்யூனோதெரபி உள்பட எல்லா சிகிச்சையும் முடித்து, அவற்றுக்கு ஓரளவாவது பலன் தெரிந்த பிள்ளைக்குத்தான் அமெரிக்காவிலேயே அந்த அனுமதி. ஜிடி2 என்ற பொருளைக் குறிவைக்கும் அந்த இம்யூனோதெரபி மருந்து ஏறிய ஒரு பிள்ளையைக்கூட என் 14 ஆண்டு வார்டில் நான் பார்க்கவில்லை. படிக்கட்டில் கடைசிப் படியைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள். நம் பிள்ளைகளுக்கு நடுப்படியே இல்லை. அதைப் பற்றி எழுதுங்கள், நான் உங்களுக்கு ஆள் ஆளாகக் காட்டித் தருகிறேன்.

சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. ஃபிலடெல்பியாவிலும் சூரிச்சிலும் உள்ள குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2025இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையை மருத்துவர் எனக்கு வரிவரியாகச் சொன்னார். நியூரோபிளாஸ்டோமா உள்ள எலிகளுக்கு, ஆர்ஜினின், புரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் இல்லாத உணவைக் கொடுத்து, கூடவே எஃப்லோர்னிதினும் கொடுத்தார்கள். மருந்தை மட்டும் கொடுத்ததைவிட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது எலி. அந்த உணவு ஆய்வுக்கூடத்தில் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுக் கலந்தது. இரண்டை மட்டும் நீக்கி மற்ற எல்லாவற்றையும் முழு அளவில் வைத்திருந்தார்கள். கூட மருந்து இருந்தது. நம் வீட்டு அடுப்படியில் பருப்பை நிறுத்தினால் இந்த மூன்றில் எது நடக்கும்? பிரான்ஸில் முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ள ஆண்களுக்குப் பாலிஅமைன் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்ததும் உண்டு. அவர்கள் பெரியவர்கள். மருத்துவர்கள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார்கள். இதில் எதுவுமே கீமோ ஏறுகிற நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆகாரம் குறைக்கச் சொல்லவில்லை.

சிட்னியில் உள்ள குழந்தைகள் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. செல் வெளியிலிருந்து பாலிஅமைனை இழுக்கிற வழியை ஏஎம்எக்ஸ்டி 1501 என்ற இன்னொரு மருந்தால் அடைத்து, உள்ளே தயாராவதை எஃப்லோர்னிதினால் அடைப்பது. மூளைத்தண்டில் வருகிற டிஐபிஜி என்ற கட்டியை எலிகளுக்கு வைத்து இதைச் செய்து 2021இல் எழுதினார்கள். எலிகள் கூடுதல் நாள் பிழைத்திருந்தன. டிஐபிஜி வந்த பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்துச் சில மாதங்களைக் கூட்டுவதைத் தவிர எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடிந்ததில்லை. அப்படி நாங்கள் அனுப்பிவைத்த முகங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அதனால் இந்த ஆராய்ச்சி ஜெயிக்க வேண்டும் என்று நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

விடுதியில் ஓர் அப்பா வேறொன்று கேட்டார். ஸ்பெர்மிடின் கேப்ஸ்யூல் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று போனில் விளம்பரம் வருகிறதாம், மகளுக்கு வாங்கலாமா என்று. ஒருபக்கம் அதே பொருளைத் தவிர்க்கச் சொல்லிப் பேப்பர், இன்னொரு பக்கம் அதையே டப்பாவில் அடைத்து விற்கிற விளம்பரம். அந்த மனிதர் என்ன செய்வார்? இரண்டும் வேண்டாம், வார்டு டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பையனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்றைக்கே வார்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மறுநாள் டயட்டீஷியன் பார்த்தார். கவுண்ட் குறைவாக இருக்கும் நாளில் வெளிச்சாப்பாடு வேண்டாம், நன்றாக வேகவைத்துச் சூடாகக் கொடுங்கள், தோல் உரிக்கிற பழமாகக் கழுவிக் கொடுங்கள், மற்றபடி பருப்பு, முட்டை, நெய், தயிர்சாதம் எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்றார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். “அப்ப நாந்தான் பட்டினி போட்டேனா சிஸ்டர்?” என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்வேன்? அந்தக் கேள்வி அவருக்கு வர நீங்கள் காரணமாகிவிட்டீர்கள் என்பதைக் கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்கிறேன். குழைய வேகவைத்த பருப்புச்சோற்றில் நெய் விட்டு ஊட்டினார். எட்டு வாய் வாங்கினான். எண்ணிக்கொண்டே நின்றேன். அப்புறம் ஆரஞ்சு. சுளையைத் தோல் நீக்கிப் பிய்த்துக் கொடுத்தால் அவன் பொறுக்காமல் முழுச் சுளையாகப் பிடுங்கிக்கொண்டான். அடுத்த செவ்வாய் 12 கிலோ 500. அதற்கடுத்த வாரம் 12 கிலோ 900. அடுத்த கீமோவுக்கு உடம்பு தாங்கும் என்று மருத்துவர் தேதி கொடுத்திருக்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்தக் கட்டத்தைப் போட்ட அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவுக் கட்டத்தில், அதே பெரிய எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் எந்த உணவையும் நிறுத்த வேண்டாம் என்று எழுதுங்கள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தால் எங்கள் ஆட்கள் கண்ணில் படாது. அடுத்த முறை இப்படி ஒன்று எழுதும்போது, குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடமோ வார்டில் இருக்கும் செவிலியரிடமோ ஒருமுறை காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை.

திருத்தம் வருகிற அன்று ஐந்து பிரதி வாங்கிக்கொள்கிறேன். ஒன்று அந்த அம்மாவின் பிளாஸ்டிக் உறைக்கு. ஒன்றை விடுதித் தாழ்வாரத்தில் ஒட்ட இடம் பார்த்து வைத்திருக்கிறேன், எடை மெஷினுக்கு நேர் மேலே.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
மதுரை.